பார்க்ல நாய் நின்னு நின்னு மோந்து பாக்குது, விடணுமா இழுத்துட்டு நடக்கணுமா? (பாளையங்கோட்டை)

வேப்பமரத்தடி:

எல்லாருக்கும் வணக்கம். எங்க வீட்ல ஒரு கன்னி சாதி நாய் இருக்கு, பொட்டை, பேரு சிட்டு. மாமா கோவில்பட்டி பக்கம் சொந்தக்காரங்க தோட்டத்துல இருந்து குட்டியா கொண்டாந்தாங்க, இப்ப அவங்களுக்கு முட்டு வலி, அதனால காலையிலயும் கருக்கல்லயும் நடக்கக் கூட்டிட்டுப் போறது என் பொறுப்பா ஆயிட்டு. எங்க காலனிக்குள்ளயே ஒரு பார்க் இருக்கு, அங்கதான் போறோம்.

பெரிய பார்க்னு சொல்ல முடியாது. சுத்தி பேவர் பிளாக் போட்ட நடைபாதை, நடுவுல எட்டு போட்டு நடக்க கூழாங்கல்லு பதிச்ச தடம், ஒரு பக்கம் ஊஞ்சல் சறுக்கு, ஒரு பக்கம் ஓபன் ஜிம், தண்ணி டேங்குக்குப் பின்னால யாரும் போகாத ஒரு மூலை. கல்யாணமாகி வந்ததுல இருந்து இந்த பார்க்கைப் பாக்கேன், ஆனா சிட்டு கூட போக ஆரம்பிச்ச பொறவுதான் அங்க என்னெல்லாம் இருக்குன்னே தெரியுது. டேங்குக்குப் பின்னால காம்பவுண்டு சுவர்ல மழைத்தண்ணி போறதுக்கு விட்ட ஓட்டை வழியா ஒரு கீரி வந்து போகுது, அது போன தடம் புல்லு மேல லேசா விழுந்து கெடக்கு, நாம பாத்தா ஒண்ணும் தெரியாது, சிட்டு மூக்கைத் தரையில வச்சு அந்தத் தடத்தை அப்படியே பிடிச்சுப் போகும், பாதியில நின்னு முன்னங்கால் ஒண்ணை மடக்கித் தூக்கிக்கிட்டு அசையாம நிக்கும், மூக்கு நுனி மட்டும் ஆடும். அதைப் பாக்க எனக்கு அவ்வளவு பிடிக்கும்.

பிரச்சன என்னன்னா இதே கதை ஒவ்வொரு எடத்துலயும். வாகை மரத்தடி, குழாயடி, சிமெண்ட் பெஞ்சு கால், கேட்டுக் கம்பின்னு ஒவ்வொண்ணுலயும் நிமிசக் கணக்கா நிக்கி. ஒரு சுத்து முடிக்கவே அரை மணி நேரம் ஆகுது. வீட்டுக்காரர் இதுக்குப் பேரு வாக்கிங்கா, இழுத்துட்டு நட, அப்பதான் அதுக்கு உடம்பு வணங்கும்னு சொல்லுதார். எனக்கு இழுக்க மனசு வரல. விடணுமா இழுக்கணுமா, விட்டா எவ்வளவு நேரம் விடலாம், எந்த எடத்துலயெல்லாம் விடக்கூடாதுன்னு வளக்குறவங்க சொல்லுங்க. இன்னொண்ணு, கேட்டுப் பக்கம் தெருநாய் நாலஞ்சு படுத்துக் கெடக்கும், அதுகளைத் தாண்டுறதுதான் தெனம் பெரும்பாடு. உள்ள நடக்க வர்ற பெரியவர் ஒருத்தர் நாயெல்லாம் பார்க்குக்குள்ள வரக்கூடாதும்மான்னு ரெண்டு மூணு தடவ சொல்லிட்டார், ஆனா போர்டு ஒண்ணும் வைக்கல. அப்படி விதி எதுவும் இருக்கா?

கழுகுமலைக்காரன்:

தங்கச்சி, இழுக்காதீங்க, விடுங்க. எங்க வீட்ல தாத்தா காலத்துல இருந்து கன்னி கெடக்கு, அதனால சொல்லுதேன்.

கன்னியும் சிப்பிப்பாறையும் முயல் விரட்டுறதுக்குன்னு நம்ம கரிசக்காட்டுல வளத்த சாதி. கண்ணால பாத்துப் பாஞ்சு ஓடுற நாய், அதுக்காக மூக்கு மட்டம்னு நெனச்சிராதீங்க. வேட்டை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தோட முடிஞ்சு போச்சு, ஆனா ரத்தத்துல உள்ளது போகாதுல்லா. காடு கரைன்னு சுத்த வேண்டிய நாயைக் காலனி வீட்ல கட்டிப் போட்டுருக்கோம், வெளிய கொண்டு போற அந்த ஒரு மணி நேரத்துலயும் நம்ம காலுக்கு ஏத்த மாதிரிதான் நடக்கணும்னா அது என்னத்தப் பாக்கும். மோந்து பாத்துட்டு வந்த நாய் வீட்ல வந்து அக்கடான்னு படுத்துத் தூங்கும். விறுவிறுன்னு இழுத்துட்டு நடந்த நாய் வீட்டுக்கு வந்த பொறவும் கேட்டுக்கும் கொல்லைக்கும் அலையும். ரெண்டையும் செஞ்சு பாருங்க, ஒரு வாரத்துலயே வித்தியாசம் தெரியும்.

நான் எப்படின்னா, முதல்ல செத்த நேரம் நல்லா வீச்சா நடந்துருவேன், ஒண்ணுக்கு ரெண்டுக்கு எல்லாம் முடியட்டும். பொறவு கயித்தை நீளமா விட்டுட்டு "போ"ன்னு ஒரு சத்தம், அதுக்கு மேல அது கூட்டிட்டுப் போற எடத்துக்கு நான் போவேன். திரும்பணும்னா "வா"ன்னு ஒரு சத்தம், வந்தா கையில கருவாட்டுத் துண்டு சின்னதா, உப்பு நல்லா கழுவினது. நாய்க்கு எது அதோட நேரம் எது நம்ம நேரம்னு பழகிரும், பெறகு இழுபறியே இருக்காது.

காத்தைக் கவனிங்க, அதை யாரும் சொல்ல மாட்டாங்க. ஆனி ஆடியில செங்கோட்டைக் கணவாய் வழியா வர்ற காத்து பாளையங்கோட்டை வரைக்கும் என்னா அடி அடிக்கும்னு உங்களுக்கே தெரியும். அப்ப மேக்க பாத்து நடந்தீங்கன்னா முன்னால உள்ள வாசம் எல்லாம் தானா வந்து சேந்துரும், நாய் தலையத் தூக்கிக்கிட்டே நடக்கும். கிழக்க பாத்து நடந்தா காத்து முதுகுல, தரையில குனிஞ்சு தேட ஆரம்பிக்கும். ஒரே பார்க்தான், ஒரு நாள் இடமா சுத்துங்க ஒரு நாள் வலமா சுத்துங்க, அதுக்கு ரெண்டும் வேற வேற எடம்.

முக்கியமான விசயம், கழுத்துப் பட்டை. நம்ம நாய்க்குத் தலை ஒல்லி, கழுத்து தலையவிடத் தடிமன். சாதாப் பட்டை போட்டா பின்னால உருவுனா சட்டுனு கழண்டு வந்துரும். அணில் ஒண்ணு குறுக்க ஓடினாப் போதும், ரோட்டுல போயிதான் நிக்கும். இழுத்தா லேசா இறுகி விட்டா தளர்ற மார்டிங்கேல் பட்டை, அகலமா உள்ளது வாங்குங்க. இல்லைன்னா நெஞ்சுக்கும் வயித்துக்கும் சேத்துப் போடுற வார். பார்க்குக்குள்ள மட்டும் ஒருநாளும் அவுத்து விடாதீங்க. நல்லா ஓட விடணும்னு ஆசை இருந்தா வேலி அடைச்ச தோட்டம் தெரிஞ்சவங்க கிட்ட கேட்டுப் போங்க.

ராமையன்பட்டி மாணவி:

அக்கா, நான் ராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரியில படிக்கேன். அண்ணாச்சி அனுபவத்துல சொன்னதுக்கு உடம்புக்குள்ள காரணம் இருக்கு. வாசனை பிடிக்குற செல் மனுசங்களுக்கு 50, 60 லட்சம்னு சொல்லுவாங்க, நாய்க்கு 10 கோடிக்கு மேல. மூக்குக்குள்ள போற காத்து ரெண்டாப் பிரியுது, ஒரு பங்கு நுரையீரலுக்கு, இன்னொரு பங்கு நேரா வாசனை பாக்குற பகுதிக்கு. வெளிய விடுற மூச்சு மூக்கோட பக்கவாட்டுக் கீத்து வழியா போறதால மோந்துக்கிட்டு இருக்குற வாசனை கலையாது, சிட்டு மூக்கைக் கிட்ட இருந்து பாருங்க, ரெண்டு பக்கமும் அந்தக் கீத்து தெரியும். மேல்வாயில ஜேக்கப்சன் உறுப்புன்னு தனியா ஒண்ணு, அதுலதான் இன்னொரு நாயோட மூத்திரத்துல இருந்து அது ஆணா பெண்ணா, பருவத்துல இருக்கான்னு தெரிஞ்சுக்குது. பெஞ்சு காலடியில அவ்வளவு நேரம் நிக்கிறது இதுக்குத்தான்.

ஆனா வாயத் தொறந்து இரைக்க ஆரம்பிச்சிட்டா மூக்கு சரியா வேலை செய்யாது. நாய்க்கு வேர்வை பாதத்துல மட்டும் கொஞ்சம், மத்தபடி இரைச்சுத்தான் சூட்டை எறக்கணும். சித்திரை வைகாசியில நம்ம ஊர் வெயிலுக்கு காலையில சூரியன் ஏறுறதுக்கு முன்னால போயிட்டு வந்துருங்க. சாயந்தரம் வெயில் தாழ்ந்த உடனே எறங்காதீங்க, பேவர் பிளாக் சூடு சீக்கிரம் எறங்காது, உங்க புறங்கையைக் கல்லு மேல வச்சுப் பாருங்க, கொஞ்ச நேரம் வச்சுருக்க முடியலன்னா அதுக்கும் பாதம் பொசுங்கும்.

எங்க விடக்கூடாதுன்னு கேட்டீங்கல்லா. முதல்ல அரளி. நம்ம பக்கம் பார்க், ரோட்டு நடுவுல, கோயில்னு எங்க பாத்தாலும் செவ்வரளியும் மஞ்சள் அரளியும்தான். இலை, பூ, காய், குச்சி எல்லாமே விசம், நேரா இதயத்தைப் பிடிக்கும். வெட்டிப் போட்ட காஞ்ச குச்சியைக் கவ்வி மென்னாக்கூட ஆபத்து. பார்க்ல செடி வெட்டின நாள்ல அந்தப் பக்கமே போகாதீங்க. ரெண்டாவது தேங்குன தண்ணி. எலி மூத்திரம் கலந்த தண்ணியில லெப்டோங்கிற எலிக்காய்ச்சல் பரவும், ஐப்பசி கார்த்திகை மழையில ரொம்ப கவனம், 2023 டிசம்பர் வெள்ளத்துக்குப் பொறவு எங்க பாத்தாலும் சேறும் தண்ணியுமா கெடந்ததே, அந்த மாதிரி நேரத்துல பார்க் பக்கமே கொண்டு போகாம இருக்குறது நல்லது. வீட்ல இருந்து பாட்டில்ல தண்ணி எடுத்துட்டுப் போங்க, குழாயடிக் குழியில குடிக்க விடாதீங்க. லெப்டோவுக்குச் சேத்து உள்ள தடுப்பூசி போட்டுருக்கான்னு அட்டையைப் பாருங்க. ரேபிஸ் ஊசி வருசா வருசம், அதுல சமாதானமே கெடையாது.

மூணாவது, உண்ணி. புல்லு, சுவர் விரிசல், மரப்பட்டை எல்லாத்துலயும் ஒட்டிக்கிட்டு இருக்கும். வீட்டுக்கு வந்த உடனே காது மடல் உள்பக்கம், கால் விரல் இடுக்கு, பட்டைக்குக் கீழ, வால் அடியில விரல் விட்டுத் தடவிப் பாருங்க, கன்னிக்கு முடி குட்டைதான், கையில தட்டுப்படும். உண்ணிக் காய்ச்சல் வந்தா நாய் சாப்பிடாது, சோந்து கெடக்கும், ஈறு வெளுத்துப் போகும், சிலதுக்கு மூக்குல ரத்தம் வரும், மூத்திரம் காப்பித் தண்ணி நெறத்துல போனா அன்னைக்கே டாக்டர்கிட்ட போகணும். நாளைக்குப் பாப்போம்னு விட்டா கைய விட்டுப் போயிரும்.

எட்டு நடை:

நான் நாய் வளர்ப்பவன் அல்ல. வேலையிலிருந்து ஓய்வு பெற்று, இதே மாதிரி ஒரு காலனி பார்க்கில் தினமும் எட்டு போட்டு நடக்கிறவன். அந்தப் பெரியவர் சொன்னதையும் கொஞ்சம் யோசிச்சுப் பாருங்கம்மா.

எட்டு போடுற கல்லுத் தடத்தில் நாங்க செருப்பில்லாமல் நடக்கிறோம். அதில் நாய் கழிச்சு வச்சுட்டுப் போனா யாருக்கும் கோபம் வரத்தான் செய்யும். என் பேத்தி மணலில் விளையாடுகிறாள், கையை வாயில் வைக்கிற வயசு. எங்க வயசில் நிறைய பேருக்கு கண் பார்வை மங்கல், இடுப்பு எலும்பில் ஆபரேசன் ஆனவங்களும் நடக்க வராங்க, நீளக் கயிறு காலில் சுத்தினா விழுந்துருவோம். நாய் கடிக்காதுன்னு வளக்குறவங்களுக்குத் தெரியும், எதுக்க வர்றவங்களுக்குத் தெரியாதே. வெறிநாய்க்கடியில் ஒருத்தர் போறதை நான் பக்கத்தில் இருந்து பாத்துருக்கேன், தண்ணியைப் பாத்தா நடுங்குவார். அந்தப் பயம் இன்னும் போகலை. அதனால நாய் வந்தா நான் நின்னுருவேன், அது தாண்டிப் போன பிறகுதான் நடப்பேன்.

நாயே வரக்கூடாதுன்னு நான் சொல்லவில்லை. கயிறு குட்டையா கையில் இருக்கணும், குழந்தைகள் விளையாடுற பக்கமும் எட்டுத் தடமும் தவிர்க்கணும், கழிச்சதை எடுக்கணும். இந்த மூணும் செஞ்சா நானே பேசாம போயிருவேன். எங்க பார்க்கில் ஒருத்தர்கூட எடுக்குறதில்லை, அதுதான் வருத்தம்.

வேப்பமரத்தடி:

சார், நீங்க சொன்னது நூத்துக்கு நூறு சரி. நான் பழைய பேப்பரை மடிச்சு எடுத்துட்டுத்தான் போவேன், கழிச்ச உடனே பேப்பரோட அள்ளி வீட்டுக்குக் கொண்டாந்துருவேன். மணல் பக்கம் போகவே மாட்டோம். எட்டுத் தடத்தைப் பத்தி மட்டும் நான் யோசிக்கல, இனிமே அந்தப் பக்கம் கூட்டிட்டுப் போகல. அந்தப் பெரியவர்கிட்டயும் நாளைக்கே நேர்ல பேசுதேன், அவருக்கும் உங்களை மாதிரி ஏதாவது பயம் இருக்கும்போல.

ராமையன்பட்டி மாணவி:

சார் மணலைப் பத்திச் சொன்னது ரொம்ப முக்கியம். நாயோட மலத்துல இருக்குற உருண்டைப்புழு முட்டை மண்ணுல மாசக்கணக்கா, சில நேரம் வருசக்கணக்காக்கூட உயிரோட கெடக்கும், பிள்ளைங்க கையில ஒட்டி வாய்க்குப் போகும். கொக்கிப்புழு வெறுங்கால் தோல் வழியா உள்ள போயிரும், பாதத்துல சிவந்த கோடா அரிப்பு வரும். அதனால மூணு மாசத்துக்கு ஒரு தடவ பூச்சி மருந்து கொடுத்துருங்க. கழிச்சது மழையில கரைஞ்சிரும்னு விடுறது சரியில்லை, பாக்குறதுக்குத்தான் இல்லாமப் போகும், முட்டை அங்கனயேதான் கெடக்கும். அள்ளினதைக் காய்கறிச் செடிக்கும் போடாதீங்க.

கொக்கிரகுளம்வாசி:

விதி பத்தி கேட்டதுக்கு எனக்குத் தெரிஞ்சதைச் சொல்லுதேன். பெரிய மனைப்பிரிவு போடும்போது ரோடு போக மிச்ச இடத்துல 10 சதவீதம் பொது உபயோகத்துக்குன்னு ஒதுக்கி உள்ளாட்சிக்குத் தானமா எழுதிக் கொடுக்கணும். காலனி பார்க் நெறையா அப்படி வந்ததுதான். அப்படி எழுதிக் கொடுத்த இடம்னா அது மாநகராட்சிக்குச் சொந்தம், நலச்சங்கம் பராமரிக்கலாம், பூட்டுச் சாவி வச்சுருக்கலாம், ஆனா சங்கத்துத் தீர்மானம் மட்டும் வச்சு யாரையும் தடுக்க முடியாது. மாநகராட்சியே நாய் கூடாதுன்னு போர்டு வச்சிருந்தா அதை மதிக்கணும். போர்டு இல்லைன்னா உங்க வார்டு கவுன்சிலர்கிட்டயோ மண்டல ஆபீஸ்லயோ எழுத்துல கேட்டு வாங்கிருங்க, வாய்ச் சண்டை எல்லாம் வேண்டாம்.

இந்திய விலங்குகள் நல வாரியம் 2015ல ஒரு வழிகாட்டுதல் விட்டுச்சு. பார்க்ல வளர்ப்புப் பிராணிகளை அடியோட தடை பண்றது சரியான வழி இல்ல, மத்தவங்களுக்கு இடைஞ்சல் இல்லாத மாதிரி நேரம் பேசி வச்சுக்கலாம்னு அதுல இருக்கு. எனக்கு அதுதான் நல்லதுன்னு படுது. காலையில நடக்குறவங்க கூட்டம் வர்றதுக்கு முன்னால ஒரு மணி நேரம், ராத்திரி சாப்பாட்டு நேரத்துல ஒரு மணி நேரம்னு சங்கத்துக் கூட்டத்துல வச்சு முடிவு பண்ணிட்டா ரெண்டு பக்கமும் நிம்மதி. அதே நேரம் வளக்குறவங்க பொறுப்பும் சட்டத்துல இருக்கு, பிராணியைக் கவனக்குறைவா விட்டு அடுத்தவங்களுக்கு ஆபத்து வந்தா பாரதிய நியாய சன்ஹிதா 291ஆம் பிரிவுல 6 மாசம் வரை ஜெயில் இல்லைன்னா 5000 ரூபாய் வரை அபராதம், ரெண்டும் சேந்தும் வரலாம்.

தெருநாய்க்கு வருவோம். காது நுனியில ஒரு வெட்டு இருக்கான்னு பாருங்க, இருந்தா கருத்தடை ஆன நாய், அப்பவே ரேபிஸ் ஊசியும் போட்டுருப்பாங்க. 2023 நாய்க் கருத்தடை விதிப்படி பிடிச்ச எடத்துலயே கொண்டு வந்து விடணும், அதனால அதுக அங்கனதான் இருக்கும், எங்கயும் போகாது. வெட்டு இல்லைன்னா மாநகராட்சிக்குச் சொல்லுங்க. கேட்டைத் தாண்டுறப்ப சிட்டுவைத் தூக்காதீங்க, ஓடாதீங்க, அதுக கண்ணை நேரா பாக்காதீங்க. கயித்தை முறுக்கிப் பிடிச்சா நம்ம பதட்டம் கயிறு வழியா நாய்க்குப் போயிரும், தளர்வா வச்சுக்கிட்டு ஒரு வளைவு போட்டு நடங்க. தெனம் ஒரே நேரத்துல ஒரே ஆள் போனா அதுக பழகி, படுத்த எடத்துல இருந்து தலையத் தூக்கிப் பாத்துட்டு திரும்பப் படுத்துரும். எப்பவாவது பல்லு பட்டுட்டா, லேசான கீறல்னாக்கூட, ஓடுற தண்ணியில சோப்புப் போட்டு 15 நிமிசம் கழுவிட்டு நேரா அரசு ஆஸ்பத்திரி, ஊசி அங்க இலவசம். மஞ்சப்பொடி, சுண்ணாம்புன்னு எதையும் வைக்காதீங்க.

புதுக்குட்டி:

நல்ல திரி. எங்க வீட்ல ரெண்டு மாசக் குட்டி இருக்கு, இந்த மாதிரி பார்க்குக்கு இப்பவே கூட்டிட்டுப் போய் பழக்கலாமா?

ராமையன்பட்டி மாணவி:

தரையில விடாதீங்க. பார்வோ வைரஸ் மண்ணுல மாசக்கணக்கா இருக்கும், ரெண்டு மாசக் குட்டிக்கு வந்தா பொழைக்குறது கஷ்டம். ஊசி எல்லாம் முடிய நாலு மாசம் போல ஆயிரும், அதுக்குப் பொறவு எறக்கி விடுங்க. ஆனா அதுவரைக்கும் வீட்டுக்குள்ளயே அடைச்சு வச்சா பொறவு எதைப் பாத்தாலும் பயப்படும். கையில தூக்கிட்டோ கூடையில வச்சோ பார்க் பெஞ்சுல உக்காருங்க, பிள்ளைங்க சத்தம், ஊஞ்சல் கிரீச்சு, சைக்கிள் மணி எல்லாம் காதுல விழட்டும். அந்த வயசுல பழகுனது கடைசி வரைக்கும் நிக்கும்.

ஆள்காட்டிப் பறவை:

நான் குருவி பாக்குற ஆளு, நாய் கெடையாது. ஆனா நீங்க எழுதுன கீரித் தடத்தைப் படிச்சதும் எழுதணும்னு தோணிட்டு. தவிட்டுக்குருவி தெரியுமா, ஏழெட்டு சேந்து தரையில சருகைக் கிளறிக்கிட்டுத் திரியுமே, மண் நெறத்துல. அதுக ஒரு புதரைச் சுத்திக்கிட்டு விடாம கத்துனா, கூட அணிலும் சேந்து வாலை ஆட்டிக்கிட்டு கத்துனா, அங்க பாம்போ கீரியோ பூனையோ இருக்குன்னு அர்த்தம். அந்தப் பக்கம் நாயை மூக்கை விட விடாதீங்க. நம்ம பக்கம் கண்ணாடி விரியன் சருகுக்குள்ள படுத்துக் கெடந்தா கண்ணுக்கே தெரியாது, சீறுறது கேக்குறதுக்குள்ள மூஞ்சியில கடிச்சிரும். டேங்குக்குப் பின்னால யாரும் போகாத மூலைன்னு சொல்லுதீங்க, எலி, தவளை, தேரை எல்லாம் இருக்கும், அதைத் தின்ன பாம்பும் வரும். கருக்கல்ல போறதா இருந்தா டார்ச் எடுத்துட்டுப் போங்க, தரையில காலால தட்டிக்கிட்டே நடங்க. தேரையைக் கவ்வினா வாயில நுரை தள்ளும், உடனே வாயைத் தண்ணி விட்டுக் கழுவிருங்க, தண்ணி தொண்டைக்குள்ள போகாம தலையச் சாய்ச்சுப் பிடிச்சுக்கிட்டு, பொறவு டாக்டருக்குப் போன் பண்ணுங்க.

இன்னொண்ணு, மாசி பங்குனியில இருந்து ஆள்காட்டி திறந்த வெளியில கல்லோட கல்லா முட்டை வைக்கும், காலி மனை பக்கத்துல இருந்தா அங்கயும் இருக்கும். ஆளோ நாயோ கிட்ட வந்தா தலைக்கு மேல சுத்திச் சுத்திக் கத்தும். அந்தச் சத்தம் கேட்டா வந்த வழியே திரும்பிருங்க, நாய் முட்டையை மிதிக்கவே வேண்டாம், தாய் ரொம்ப நேரம் மேல பறந்துக்கிட்டு இருந்தாலே வெயில்ல முட்டை கெட்டுரும். மயில் இப்ப பாளையங்கோட்டை ஓரம் பூரா வந்துட்டு, பார்க் சுவர் மேலயும் வந்து நிக்கும். அதை நாய் பிடிச்சா சட்டப்படி பெரிய குத்தம். கன்னிக்கு அது ஓடுனாலே போதும், துரத்தத்தான் பாக்கும், கயித்தை ரெண்டு கையாலயும் பிடிங்க.

பார்க் போக வேற எங்கயாவது கூட்டிட்டுப் போகணும்னா கூந்தன்குளம் பறவை சரணாலயம், கங்கைகொண்டான் மான் சரணாலயம் பக்கம் எல்லாம் வேண்டவே வேண்டாம், நாய் வாசமே அந்தப் பிராணிகளைக் கலைச்சிரும். தாமிரபரணி ஆத்தங்கரைக்குப் போனீங்கன்னா குறுக்குத்துறை மாதிரி ஆளுங்க குளிக்கிற படித்துறையை விட்டுத் தள்ளி, மருத மரம் நிக்கிற கரையோரமாப் போங்க. அந்த மரத்தோட வேர்ப் புடைப்புல நாய்க்கு எவ்வளவு வாசம் இருக்கும்னு நெனச்சுப் பாக்கவே எனக்கு ஆசையா இருக்கு. தண்ணி கூடக் கொறைய வரும், பாபநாசம் அணையில தொறந்து விட்டாங்கன்னா சட்டுனு ஏறிரும், எறக்காதீங்க.

வேப்பமரத்தடி:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. பெரியவர்கிட்ட பேசிட்டேன். அவங்க மகளை சின்ன வயசுல நாய் கடிச்சுருக்கு, அதான். ஊசி அட்டையைக் கொண்டு போய்க் காட்டினேன், எட்டுத் தடத்துப் பக்கம் வர மாட்டேன்னும் சொன்னேன், சரிம்மான்னுட்டார். சங்கத்துக் கூட்டத்துல நேரம் ஒதுக்குறதைப் பத்திப் பேச அவரே கூட வாரேன்னு சொல்லுதார்.

டேங்குக்குப் பின்னால இப்ப விடிஞ்ச பொறவுதான் போறோம், தட்டிக்கிட்டே. அண்ணாச்சி சொன்ன மாதிரி முதல்ல வீச்சா நடை, பொறவு "போ". வீட்டுக்காரரை ஒரு நாள் கூடவே கூட்டிட்டுப் போனேன், கீரித் தடத்துல சிட்டு காலைத் தூக்கிக்கிட்டு நின்னதைப் பாத்துட்டு அவரும் அரை மணி நேரம் பேசாம கூடவே நின்னார். இப்ப ஞாயித்துக்கிழமை நான் போறேன்னு அவரே கயித்தை எடுக்கார்.

செவ்வரளி எங்க பார்க்ல ஒரு வரிசை பூரா நட்டுருக்காங்க, சறுக்குக்குப் பக்கத்துலயே. பிள்ளைங்களுக்கும் ஆபத்துதானே, அதை மாத்தி வேற செடி வைக்கச் சொல்லி மாநகராட்சிக்கு எழுதப் போறேன். என்ன செடி கேக்கலாம்? அண்ணாச்சி, மார்டிங்கேல் பட்டைக்கு அளவு எப்படி எடுக்குறது?

கொக்கிரகுளம்வாசி:

செம்பருத்தி கேளுங்க, இட்லிப் பூவும் கேளுங்க. ரெண்டும் நம்ம வெயிலைத் தாங்கும், நாய்க்கும் பிள்ளைங்களுக்கும் பயம் இல்ல. மனுவுல அரளி சறுக்குக்குப் பக்கத்துல இருக்குறதை போட்டோவோட வைங்க, பிள்ளைங்க விசயம்னா வெரசாப் பாப்பாங்க. நடக்குறவங்க கிட்டயும் கையெழுத்து வாங்கிருங்க, அந்தப் பெரியவர் கையெழுத்து முதல்ல இருக்கட்டும்.

கழுகுமலைக்காரன்:

தையல் டேப் எடுத்து காதுக்குப் பின்னால, கழுத்து மேல்பக்கம் ஒல்லியா இருக்குற எடத்துல ஒரு அளவு, தலையில அகலமான எடத்துல, காதுக்கு முன்னால சுத்தி ஒரு அளவு. ரெண்டையும் எழுதிட்டுப் போங்க. தளர்ந்து இருக்கும்போது தலை வழியா மாட்டுற அளவு இருக்கணும், இழுத்து இறுகும்போது மேல்கழுத்து அளவுக்கு வந்து நிக்கணும், அதுக்கு மேல இறுகக் கூடாது. அகலம் ரெண்டு விரலுக்குக் கொறையாம வாங்குங்க, மெல்லிசுப் பட்டை இந்த நாய்க்குத் தொண்டையை அறுக்கும். வாங்கினதும் வீட்டு வாசல்லயே போட்டு, ஒருத்தர் முன்னால இருந்து கூப்பிட்டு பின்னுக்கு உருவுதான்னு இழுத்துப் பாத்துட்டு, பொறவு கேட்டைத் தொறங்க.